இடது கால்

அறுபத்தோரு வயதில் ஒரு மனிதர் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு தெருவில் இறங்கினால் பார்க்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாளை மடக்கி வைத்துவிட்டு, "என்ன சார், வயசு பின்னால போகுதா?" என்று கேட்டார். மாடி வீட்டு அம்மாள் துணி காயப்போடுவதை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தாள். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மறுபடி கிளப்பினார், மறுபடி நின்றது. ஹெல்மெட்டில் ஒரு சௌகரியம், காது கேட்காதவர் மாதிரி இருந்துவிடலாம். அவர் அப்படித்தான் இருந்தார்.

அவரைப் பல்லுக்காரர் என்பார்கள். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து மெழுகு உருக்கி, பிளாஸ்டர் ஊற்றி, அந்த அச்சுக்குப் பல் செட் கட்டிக் கொடுப்பார். கட்டியதைப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வழக்கம். இப்போது வண்டி எதற்கு என்று கேட்டவர்களிடம், "பஸ்ல நிக்க முடியல, முழங்கால் வலி" என்றார். முழங்கால் வலிக்காரர் மோட்டார் சைக்கிள் ஓட்டுவாரா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வண்டி மகனுடையது. ஒரே மகன். இரண்டு வருடத்துக்கு முன்னால், அதை வாங்கி ஒரு மாதம்கூட ஆகாதபோது, கிடங்குச் சாலை வளைவில் நின்றிருந்த லாரியின் பின்புறத்தில் மோதிச் செத்தான். மெக்கானிக் வேறு நிறம் அடித்திருந்ததால் தெருவில் யாருக்கும் வண்டியை அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். அதைவிட மோசமாக, பரிதாபப்பட்டிருப்பார்கள்.

பரிதாபம் அவருக்கு அலுத்துப்போயிருந்தது. அதற்கு அடியில் எப்போதும் ஒரு கேள்வி கிடந்தது: அவனாகப் போய் மோதினானா? முகத்துக்கு நேரே யாரும் கேட்கவில்லை. முதுகுக்குப் பின்னால் அதைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. நிச்சயமாகியிருந்த அவனுடைய கல்யாணம் நின்றுபோயிருந்தது. பெண் வீட்டார் காரணம்கூடச் சொல்லவில்லை. வாரக்கணக்கில் அவன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை, தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்து போனான். பிறகு ஒருநாள் இந்த வண்டியோடு வந்து நின்றான். செத்த அன்று போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். சாலையில் டயர் தேய்ந்த தடம் ஒன்றும் இல்லை. இதற்கெல்லாம் மேலே, கிடங்கு வாட்ச்மேன் போலீசிடம் சொன்னது ஒன்று இருந்தது.

"லாரியைப் பாத்தும் அந்தத் தம்பி பிரேக் போடலைங்க. வேகத்தை ஏத்துச்சு. எஞ்சின் கத்துனதை என் காதால கேட்டேன்."

பல்லுக்காரரை அரித்துத் தின்றது அந்தப் பேச்சுதான். கண் நன்றாகத் தெரிகிறவன், ஓட்டத் தெரிந்தவன், பட்டப்பகலில் லாரியைப் பார்த்துவிட்டு வேகத்தை ஏற்றுவானா? ஏற்றினான் என்றால், பெற்று வளர்த்த இரண்டு பேரிடம் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையா? அவன் சாக நினைத்தானா இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்று இருந்தது அவருக்கு. வேறு எதுவும் வேண்டாம்.

இதை மனைவியிடம் பேச வழியில்லை. அவள் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். மகன் பேச்சை எடுத்தாலே எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள். அவன் செத்த அன்று காலை அவள்தான் அவனிடம், "இன்னும் எத்தனை நாளைக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருப்ப?" என்று கேட்டிருந்தாள். அந்தக் கேள்விக்காக அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவன் சாக நினைக்கவில்லை என்று தெரிந்தால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று இவர் முடிவுகட்டி வைத்திருந்தார். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தாங்களே முடிவுகட்டிக்கொள்வது கணவன்மார்களுக்குப் புதிதா என்ன?

வண்டி அதுவரை மெக்கானிக் கடை மூலையில் தார்ப்பாய் போட்டுக் கிடந்தது. கடையை வேறு இடத்துக்கு மாற்றும்போது மெக்கானிக் கூப்பிட்டு அனுப்பினான்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அதை எடுத்துக்கிறீங்களா, இல்ல பழைய இரும்புக்குப் போட்டுரட்டுமா?"

"ஓடுமா?"

"ஓட வச்சுடலாம். முன்பக்கம்தான் போச்சு. பிரேக்ல எல்லாம் ஒரு குறையும் இல்ல, அன்னிக்கே சொன்னேனே. யாரு ஓட்டப் போறாங்க?"

"நான்தான்."

மெக்கானிக் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். "விளையாடாதீங்க சார்" என்றான். அவர் விளையாடவில்லை என்று புரிந்ததும் மறுபேச்சில்லாமல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டான்.

வீட்டில் பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தார். மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஓட்டிக்கோங்க" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

பூட்டிக் கிடந்த ஆலைக்குப் பின்னால் ஒரு திடல் இருந்தது. காலையில் அங்கே போய்ப் பழகினார். ஒரு காலத்தில் அவரும் வண்டி வைத்திருந்தவர்தான். ஆனால் அது பழைய ரகம், கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போது வருகிற வண்டிகளில் எல்லாம் தலைகீழ். முதல் நாள் கியர் மாற்றப் போய்ப் பிரேக்கை மிதித்துத் திடலின் நடுவில் கவிழ்ந்தார். நாய் ஒன்று அருகில் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போனது. அவருக்கு இது புரியாத சமாச்சாரம் இல்லை. புதுப் பல் செட் மாட்டுகிறவர்கள் கொஞ்ச நாளைக்குப் பழைய கடியையே கடிப்பார்கள், கன்னத்தைக் கடித்துக்கொண்டு வந்து இவரைத் திட்டுவார்கள். "பழகிரும்" என்று சொல்லி அனுப்பிவிடுவார். இப்போது அதைத் தன் காலுக்குச் சொன்னார்.

கால் பழகிக்கொண்டது. முதலில் வலது பிரேக், இடது கியர் என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லி ஓட்டினார், பிறகு சொல்லாமலே வந்தது. முன் பிரேக்கை மட்டும் தொடவில்லை. அதைப் பிடித்தால் வண்டி ஆளைக் குப்புறத் தள்ளிவிடும் என்று அவர் காலத்து ஆட்கள் எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. உண்மையைச் சொன்னால், சில காலைகளில் காற்று சட்டைக்குள் புகுந்து புடைக்கும்போது அவருக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மகன் செத்த வண்டியில் உட்கார்ந்துகொண்டு என்ன சந்தோஷம் வேண்டிக் கிடக்கிறது என்று உடனே தன்னைத் தானே காறித் துப்பாத குறையாகத் திட்டிக்கொள்வார்.

அதன்பின் கிடங்குச் சாலைக்குப் போக ஆரம்பித்தார். மெதுவாகப் போனார், மெதுவாக வந்தார். வளைவு ஒன்றும் பெரிய வளைவில்லை. நின்று பார்த்தாலும் ஓட்டிப் பார்த்தாலும் அதில் ஒருவனைக் கொல்கிற அளவுக்கு எதுவும் இல்லை. ஒவ்வொரு முறையும் அவர் மனம் இன்னும் கொஞ்சம் கீழே போனது. தெரியாமல் மோத இங்கே வழியில்லை, அப்படியானால் தெரிந்துதான் மோதியிருக்கிறான்.

அன்று ஒரு டாக்டருக்குக் கொடுக்க வேண்டிய பல் செட்டுகள் பையில் இருந்தன. கடைசியாக ஒருமுறை, மகன் போயிருக்கக்கூடிய வேகத்தில் போய்ப் பார்ப்பது, அதோடு வண்டியை இரும்புக்குப் போட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தார். வளைவில் திரும்பினார். கிடங்கு வாசலிலிருந்து ஒரு லாரி பின்னோக்கி வந்துகொண்டிருந்தது.

அவர் பிரேக்கை ஓங்கி மிதித்தார். வண்டி ஒரு உதறு உதறி, பெருங்குரலெடுத்துக் கத்தியது. நிற்கவில்லை. இன்னும் அழுத்தி மிதித்தார். கால் கட்டைபோல் அழுத்திக்கொண்டே இருந்தது, லாரி பெரிதாகிக்கொண்டே வந்தது. பின்கதவின் சங்கிலியைப் பார்த்தார், அதில் ஒரு கண்ணி மட்டும் புதிதாக இருப்பதைப் பார்த்தார். பிரேக் ஏன் பிடிக்கவில்லை என்று யோசித்தார். வீட்டில் சாப்பாட்டை மூடி வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்தார். வேண்டாம், வேண்டாம், நான் இருக்க வேண்டும் என்று நினைத்தார். இத்தனைக்கும் நேரம் இருந்தது.

லாரிக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சட்டென்று நிறுத்தியதால் ஓரத்தில் ஒரு சந்து கிடைத்தது. அதில் உரசிக்கொண்டு போய் அப்பால் கொட்டியிருந்த மணல் குவியலில் விழுந்தார். தோள்பட்டையில் தீப்பிடித்த மாதிரி வலித்தது. பை கிழிந்து மணலெல்லாம் பற்களாகக் கிடந்தது. வாட்ச்மேன் ஓடிவந்து ஒரு மேல் செட்டைப் பொறுக்கி, தட்டி, அவர் முகத்துக்கு முன்னால் நீட்டினார். "சார், உங்க பல்லு."

அது தன் பல் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

"வயசான காலத்துல உங்களுக்கு ஏன் சார் இந்த வேலை? லாரியைப் பாத்தா பிரேக் போடணும். நீங்க என்னடான்னா வேகத்தை ஏத்துறீங்க!"

"இல்லப்பா. நான் பிரேக்தான் போட்டேன்."

"எஞ்சின் கத்துனதை என் காதால கேட்டேனே சார்."

பல்லுக்காரர் தன் கால்களைப் பார்த்தார். இடது கால் இன்னும் எதையோ மிதிக்கிற மாதிரி விறைத்து நீண்டிருந்தது. மிதித்தது அந்தக் கால். அது மிதித்தது பிரேக்கை அல்ல, கியரை. கியர் இறங்கியதும் எஞ்சின் கத்தியது. யோசிக்க நேரமில்லாத இடத்தில் கால் தன் பழைய புத்திக்குப் போய்விட்டது.

அந்தப் பழைய புத்தியை மகனுக்கும் கொடுத்தவர் அவர்தான். அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது அந்தப் பழைய வண்டியில். பின்னால் உட்கார்ந்து, "ஆபத்துன்னா யோசிக்காத, இடது காலை ஓங்கி மிதி. முன் பிரேக் பக்கமே போகாத" என்று சொல்லிச் சொல்லி, தெருவில் திடீர் திடீரென்று கத்தி அவனை மிதிக்க வைத்து, அது அவன் உடம்பில் ஊறும்வரை விடவில்லை. அந்த வண்டியை விற்கும்வரை அதைத்தான் அவன் ஓட்டினான். பிறகு சில வருடம் கம்பெனி பஸ். அதன்பின் இந்தப் புது வண்டி, ஒரு மாதம்கூட இல்லை. அப்பா சொன்னதைத் தட்டாமல் செய்திருக்கிறான்.

மணலில் உட்கார்ந்தபடி பல்லுக்காரர் அழுதார். வாட்ச்மேன் அடி பலம் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவரப் போனார். தானே மகனைக் கொன்றிருக்கிறோம் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் அதே நேரத்தில், சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவர் மனம் லேசாகியும் இருந்தது. அவன் சாக நினைக்கவில்லை. இதை அவளிடம் போய்ச் சொல்லலாம். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அவளை விடுவித்துவிடலாம்.

வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார். கிழிந்த சட்டையையும் தொங்கும் தோளையும் பார்த்துப் பதறி எழுந்தவளை உட்காரச் சொல்லி, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னார். கியர், பிரேக், வாட்ச்மேன், தான் சொல்லிக்கொடுத்தது, ஒன்றையும் மறைக்கவில்லை.

"அவன் வேணும்னு போகல. நீ கேட்ட கேள்வி இல்ல, ஒண்ணும் இல்ல. என் மேலதான் தப்பு. என்னைத் திட்டு, அடி, என்ன வேணா பண்ணு. நீ இனிமே உன்னைப் போட்டு வாட்டிக்காத."

அவள் திட்டவில்லை.

"அப்ப அவன் நிறுத்தப் பாத்திருக்கான்."

"ஆமா."

"சாக வேணாம்னு இருந்திருக்கான்."

"ஆமாம்மா. அதைத்தானே சொல்றேன்."

"ரெண்டு வருஷமா நான் எப்படி உசுரோட இருக்கேன்னு நெனச்சீங்க?" அவள் குரல் ஏறவில்லை. "அவன் போகணும்னு நெனச்சான், போயிட்டான். இங்க இருந்து கஷ்டப்படறதுக்கு, கேட்டது கெடச்சு நிம்மதியா போயிருக்கான். அப்படி நெனச்சுத்தான் ஒரு வாய் சோறு எறங்குது எனக்கு. நானா என்னை வாட்டிக்கிட்டேன்? யாரு சொன்னா உங்களுக்கு?"

திட்டு வாங்கத் தயாராக வந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"பயந்திருப்பான்" என்றாள். சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்: "மிதிச்சதுக்கும் மோதுனதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம் இருந்திருக்கும்?"

"ஒண்ணும் இருந்திருக்காது. கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள..."

"உங்களுக்கு எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

அவர் பொய் சொல்ல நினைத்தார். அந்தச் சங்கிலியும், புதுக் கண்ணியும், மூடி வைத்த சாப்பாடும், வேண்டாம் வேண்டாம் என்று மனம் கதறியதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன.

"நெறைய" என்றார்.