ஒரே உறையில் நாலு பேர் நகம்

1

இந்தக் கதையை எங்கிருந்து எடுத்தேன் என்பதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து ஒரகடம் போகிற ஷேர் ஆட்டோவில் என் இரு பக்கமும் உட்கார்ந்திருந்த பையன்கள் என்னைத் தாண்டிச் சண்டை போட்டார்கள். "ஏலே, நகத்தக் குடுத்துருவோம்னு சொன்னது நீதான?" "நான் ஒரு வெரலுதாம்ல குடுத்தேன்!" இறங்க வேண்டிய இடத்தில் நான் இறங்கவில்லை. காதில் விழுந்தது கொஞ்சம், நான் கட்டியது மிச்சம். பெயர்கள் அத்தனையும் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: ஒரகடத்துத் தொழிற்சாலைக் கூரைகளின் மேல் பொன்னிற வெயில்—

சீ, வேண்டாம். அங்கே வெயில் மண்டையைப் பிளக்கும்.

இரண்டாவது: டாக்டர் இசைவாணி நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து—

அதுவும் தப்பு. ரத்தப் புற்றுநோயின் மரபணுக்களை ஆராய்கிறவள் பொழுதெல்லாம் பார்ப்பது கம்ப்யூட்டர் திரையை.

மூன்றாவது நிற்கும்: அன்று இசைவாணிக்கு நல்ல செய்தி வந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

3

விஷயம் இதுதான். மாரிராஜ், தென்காசிப் பக்கத்துப் பையன், கார் கம்பெனியில் லைன் வேலை. ரத்தப் புற்றுநோய். தங்கை இசக்கிசெல்வி சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் இருக்கிறாள். அவளுடைய எலும்பு மஜ்ஜை அண்ணனுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆஸ்பத்திரியில் எல்லாம் தயார்.

ஆனால் மாரிராஜின் ரத்தத்தில், ஒரு மரபணுவில், இசைவாணி ஒரு பிழையைக் கண்டுபிடித்தாள். நோய் வந்த பிறகு ரத்தத்தில் மட்டும் உண்டான பிழையா, பிறக்கும்போதே வந்ததா? பிறவிப் பிழை என்றால் உடம்பு முழுக்க இருக்கும், நகத்திலும் இருக்கும். தங்கைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அப்படியிருந்தால் அவள் மஜ்ஜையோடு அதே பிழையையும், நோய் திரும்பும் ஆபத்தையும் அண்ணனுக்குள் ஏற்றியதாகிவிடும்.

(தங்கையின் ரத்தத்தையே நேராகப் பார்த்தால் என்ன என்பீர்கள். நானும் கேட்டேன். "நோயில்லாத பொண்ணோட எதிர்காலத்தைக் காரணம் இல்லாம தோண்டக்கூடாது சார். முதல்ல அண்ணன் நகம்" என்று என் வாயை அடைத்துவிட்டாள் இசைவாணி. என் கதாபாத்திரம் என்னையே அதட்டுகிறது, பாருங்கள்.)

உறையில் வந்த நகத்தில் பிழை இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் மேல் போன்: "அப்ப தங்கச்சிதான்னு முடிவு பண்ணிடலாமா?" வேறு யாராவது என்றால் சரி என்றிருப்பார்கள். இசைவாணி, நகம் மாரிராஜுடையதுதானா என்று சரிபார்த்தாள். மாரிராஜுடையது இல்லை. ஓர் ஆளுடையதுகூட இல்லை. நாலு ஆண்களுடைய நகம்!

4

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு தைரியசாலியை நீங்கள் நம்புவீர்களா? கொஞ்சம் சோகம் தூவலாமே என்று, அவளுடைய அப்பாவுக்கும் இதே நோய் வந்து—

அடித்துவிட்டேன். அவளுடைய அப்பா நன்றாக இருக்கிறார், காலையில் நாலு இட்லி சாப்பிடுகிறார். தன் வேலை தெரிந்த பெண்ணுக்கு ஒரு துக்கத்தைக் காரணமாகக் காட்டியே தீர வேண்டுமா என்ன?

5

சுங்குவார்சத்திரத்தில் ஒரு மாடி அறை, இசைவாணியே தேடி வந்துவிட்டாள். கயிற்றில் கம்பெனிச் சட்டைகள் காய்கின்றன. கட்டிலில் மாரிராஜ், மருந்தில் முடியெல்லாம் கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் அவனுக்குத் துணையிருந்தவன், அறைக்கூட்டாளி சந்தனமாரி. நகம் வெட்டிப் போட நர்ஸ் கொடுத்த உறையை வாங்கியவனும் அவன்தான்.

இசைவாணிக்குக் கோபம் வந்தால் படிப்பு ஒதுங்கிக்கொள்ளும், ஊர்ப்பேச்சு முன்னால் வந்துவிடும். "இன்னாபா இது? நாலு பேரு நகத்த ஒரே கவர்ல போட்டுக் குடுத்துக்கீறியே, வெளையாட்டா?"

"கோவப்படாதீய மேடம்" என்றான் சந்தனமாரி. "வல்லக்கோட்டை முருகனுக்கு மொட்ட போடுதேன்னு நேந்திருந்தான். அந்த முடி மருந்துலயே போயிட்டு. சரி, நகத்தயாவது வெட்டாம வச்சிருந்து சன்னிதிக்குக் கொண்டு வாறோம்னு அவுக அம்மை வேண்டிக்கிட்டாவ. அதப் போயி நாங்க வெட்டலாமா?"

"அதுக்கு?"

"ரூம்ல நாங்க நாலு பேரும் எங்க நகத்தக் குடுத்தோம். நகம் நகந்தான, மேடம்?"

"அதுல எதுக்குபா நாலு பேரு?"

"ஷிஃப்ட் ஏறும்போதே சூப்பர்வைசர் நகத்தப் பாப்பாரு. ஒருத்தன்ட்ட அம்புட்டு நகம் எங்க இருக்கு?"

இசைவாணிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். "உங்க நகம்லாம் சுத்தமா கீது, சந்தோஷம். அத நம்பி ஆப்ரேசன் பண்ணியிருந்தா உன் கூட்டாளி உசுருக்கு யாருபா பதில் சொல்றது?"

சந்தனமாரியின் முகம் செத்துவிட்டது. பாவம், அவன் செய்தது பாசத்தில்தான். ஆனால் பாசம் ஆளைக் கொன்றுவிடும் என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள், அதனால்தான் சம்பவமாகவே எழுதுகிறேன்.

கட்டிலிலிருந்து மாரிராஜ் எழுந்து உட்கார்ந்தான். "எனக்குத் தெரியாம என்ன காரியம்ல பண்ணிருக்க!" என்று அவனைத் திட்டிவிட்டு, வளர்ந்த நகங்களோடு கையை நீட்டினான். "வெட்டுங்க மேடம். சண்டைக்கு வந்த சூரனையே மயிலாக்கிக் கூட வச்சிருக்காரு முருகன். எங்கிட்டயா கணக்குப் பாப்பாரு?"

6

மாரிராஜின் நகத்தில் பிழை இருந்தது. பிறவிப் பிழைதான்.

இசக்கிசெல்வியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாள் இசைவாணி. அந்தப் பெண்ணுக்குப் பயம் வந்தது. மறைக்கவில்லை.

"அண்ணனுக்குக் குடுக்கலாமா கூடாதா, அத மட்டும் சொல்லுங்க. எனக்கு இருக்கா இல்லியான்னு சொல்லாண்டாம்."

"கூடாதுன்னு சொன்னாலே உனக்குத் தெரிஞ்சிடுமேம்மா."

இசக்கிசெல்வி நேராகவே கேட்டாள். "இருந்துச்சுன்னா?"

"இருந்தா நோய் வந்தே தீரும்னு இல்ல. கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கினு பாத்துக்குவேன், நானாச்சு. உங்க அண்ணனுக்கு வெளிய வேற ஆள் தேடுவோம். லேட் ஆவும், ஆனா தேடுவோம்."

"சரி, எடுங்க" என்று கையை நீட்டினாள். "ஆனா மொதல்ல எனக்குத்தான் சொல்லணும். அண்ணன்ட்ட இல்ல, அம்மைட்ட இல்ல. அந்தச் சந்தனமாரி பயகிட்ட சொல்லவே கூடாது. என் ரத்தம், நாந்தான் மொதல்ல கேப்பேன்."

7

முடிவு வந்துவிட்டது. எனக்குத் தெரியும், எழுதுகிறவனுக்குத் தெரியாமல் எப்படி?

முடிவு அ: அவளுக்கு அந்தப் பிழை இல்லை, அண்ணனும் தங்கையும் அடுத்தடுத்த—

முடிவு ஆ: இருக்கிறது, அவள் முதலில் கேட்டது தன்னைப் பற்றி இல்லை, அண்ண—

இரண்டையும் முழுசாக எழுதிப் பார்த்தேன். இரண்டுமே நன்றாக வந்தன. என் கைராசி அப்படி, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் எதை இங்கே அச்சில் ஏற்றினாலும் இசக்கிசெல்விக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூடக் காப்பாற்றாமல் நான் என்ன கதை எழுதிக் கிழிக்கப்போகிறேன்?

ஷிஃப்ட் முடிந்து அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருக்கிறாள். இசைவாணி உள்ளே கூப்பிடுகிறாள். பின்னாலேயே நுழையப் பார்த்த சந்தனமாரியை, "நீ வெளிய நில்லுபா" என்று நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துகிறாள்.

நாமும் வெளியேதான், வாசகரே. கதவை ஒட்டி நிற்காதீர்கள்; கொஞ்சம் தள்ளி வாருங்கள். அவள் வெளியே வரும்போது வழி வேண்டும்.