பெரியப்பாவுக்கு இரண்டாவது ஆதாரம்

ஐஸ் பெட்டியின் பிளக்கைச் சேரன் சொருகியதும் மின்விசிறி நின்றது, டியூப் லைட் அணைந்தது, அடுத்த அறையில் யாருடைய போனோ சார்ஜ் ஏறாமல் டிங் என்றது. ஃபியூஸ் போய்விட்டது. பெட்டிக்குள் படுத்திருந்த பெரியப்பா திருமால், ஆயுள் முழுக்க விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் ஃபியூஸ் கேரியர் செய்தவர். சுவரில் இருந்ததும் அந்தக் கம்பெனிச் சரக்குதான். இது அவருக்குத் தெரியாமல் போனது நல்லது. தெரிந்திருந்தால் எழுந்து வந்து சரக்கின் மேல் தவறில்லை, ஒயரின் மேல்தான் தவறு என்று நிரூபித்திருப்பார்.

சேரனின் அப்பா அர்ச்சுனன் ஸ்டூலில் ஏறிக் கம்பி மாற்றினார். பெட்டி உறுமத் தொடங்கியது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

காலையிலிருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். கஷ்டப்படாமல் போய்விட்டாராம். வாதம் அடித்து, ஒரு பக்கம் விழுந்து, பிறகு பேச்சும் போய், மழைக்காலம் முழுக்கக் கட்டிலில் கிடந்து, படவேண்டிய கஷ்டத்தில் ஒன்றையும் பாக்கி வைக்காமல்தான் அவர் போனார். ஆனால் இழவு வீட்டில் யாரும் யாரிடமும் ஆதாரம் கேட்பதில்லை. அந்த வகையில் அது சேரனின் டிபார்ட்மென்ட்டை விட நாகரிகமான இடம்.

புதுச்சேரியில் திரைப்பட ஆய்வில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படித்தான் சேரன். ஆய்வுத் தலைப்பு, 'விருத்தாசலத்தில் படமாக்கப்பட்டு வெளிவராத திரைப்படங்கள்'. திரைப்படங்கள் என்று பன்மையில் இருந்தாலும் கையில் இருந்தது ஒரே ஒரு படம். 'கரையேறும் நேரம்' என்று பெயர். மணிமுத்தாற்று மணலில் எடுத்தார்கள், பணம் தீர்ந்துபோய்ப் பாதியில் பெட்டியில் போட்டுவிட்டார்கள். அதில் பெரியப்பா நடித்திருந்தார். இதையெல்லாம் சொன்னவர் யார் என்று கேட்டால், பெரியப்பா.

வழிகாட்டி பானுமதி மேடம் மூன்றாவது அத்தியாயத்தின் அடிக்குறிப்புகளைப் பார்த்தார். முதல் குறிப்பு, 'திருமால், நேர்காணல்'. அடுத்தது, 'மேலது'. அதற்கடுத்தும் 'மேலது'. அந்தப் பக்கத்தில் கடைசி வரை 'மேலது'தான். மேடம் சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுதினார்: 'ஒரே வாய் ஆதாரம் ஆகாது. இரண்டாவது ஆதாரம் எங்கே?'

சேரன் தேடாமல் இல்லை. அப்பாவைக் கேட்டான், படம் எடுத்தபோது அவர் தொட்டிலில் இருந்தாராம். சென்னையில் பழைய சினிமாப் பத்திரிகைகளைத் தும்மித் தும்மிப் புரட்டினான். தயாரிப்பாளரின் ஆபீஸ் இருந்த மாடியில் பிரியாணிக்கடை இருந்தது. டைரக்டர் செத்துப்போயிருந்தார். பெரியப்பாவிடமே வந்து, உன்னோடு நடித்தவர், பார்த்தவர் யாராவது உண்டா என்று கேட்டான். அப்போது அவருக்குப் பேச்சு போயிருந்தது. நல்ல கையைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே, மேற்கே காட்டினார். அவர் மூத்திர டப்பாவைக் கேட்கிறார் என்று அர்ச்சுனன் அதை எடுத்து வைத்தார்.

பேச்சு இருந்த காலத்தில் இதே கேள்விக்கு அவர் ஒரே பதில்தான் சொல்வார். "ஒருத்தன் இருக்கான்டா. சவுதில இருக்கான்." பெரியப்பாவின் சாட்சிகள் எல்லோரும் ஒன்று செத்திருப்பார்கள், இல்லையென்றால் சவுதியில் இருப்பார்கள் என்பது குடும்பத்தில் பழைய சிரிப்பு.

பிள்ளை இல்லாதவர் என்பதால் சேரன்தான் கொள்ளிச் சட்டி தூக்க வேண்டும். அதற்கு முன்னால் போஸ்டர் அடிக்க வேண்டும். அச்சகத்துக்காரர் மணி போனில் விவரம் கேட்டார். பெயர், வயசு, போட்டோ, அப்புறம் பேருக்குக் கீழே என்ன போடுவது. ஓய்வுபெற்ற ஆசிரியர், முன்னாள் கவுன்சிலர் என்று ஏதாவது இருந்தால்தான் போஸ்டர் நிறையுமாம்.

சேரன் போனைக் கையால் பொத்திக்கொண்டு பெரியம்மாவைப் பார்த்தான். தனக்கோடி பெட்டியின் தலைமாட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் அழுததோடு சரி. வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழும்போது கட்டிப்பிடிக்கக் கொடுத்துக்கொண்டு இருந்தாள், அவ்வளவுதான்.

"நடிகருன்னு மட்டும் போட்டுறாத" என்றாள்.

"நான் ஒண்ணும் கேக்கவே இல்லியே பெரிம்மா."

"ஒன் மூஞ்சி கேக்குது. பொண்ணு பாக்க வந்தப்ப சினிமால நடிச்சிருக்காருன்னு சொன்னாங்க. எங்க ஊரே வந்து நின்னு பாத்துச்சி. இத்தினி வருசம் ஆவுது, ஒரு படம் வந்துச்சா? கொழாயடிக்குப் போனா, நடிகரு பொண்டாட்டி வந்துட்டா, வழி வுடுங்கன்றாளுவ. போற அன்னைக்குமா செவுத்துல ஒட்டி வச்சிச் சிரிக்கணும்?"

எதிரே உட்கார்ந்திருந்த சௌந்தர்யா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். குழாயடி வசனம் அவளுடையது.

சேரன் போனைப் பொத்திய கையை எடுத்தான். பெரியம்மா சொன்னதும் மேடம் சொன்னதும் ஒன்றுதான். ஒருத்தி அடிக்குறிப்புக்காகக் கேட்டாள், ஒருத்தி குழாயடிக்காகக் கேட்டாள். பேருக்குக் கீழே ஒன்றும் வேண்டாம், கொஞ்ச நேரத்தில் போட்டோ அனுப்புகிறேன் என்று மணியிடம் சொன்னான். அந்த நேரம் பார்த்து மேடத்தின் செய்தி வந்து விழுந்தது. மூன்றாவது அத்தியாயம் என்ன ஆயிற்று, திங்கட்கிழமைக்கு மேல் முடியாது. 'மேடம், ஆதாரம் காலையில் இறந்துவிட்டார்' என்று அடித்தான். படித்துப் பார்த்து அழித்தான். 'அத்தியாயத்தை எடுத்துவிடுகிறேன்' என்று அடித்தான். அதை அனுப்பவும் கை வரவில்லை. அத்தியாயத்தை எடுத்தால் பெரியப்பா பொய் சொன்னார் என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகும். அதுவும் அவர் பெட்டிக்குள் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது.

வெயில் ஏறியபோது மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு வெள்ளை கார் வந்து நின்றது. தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக ஒரு பாய் ரோஜா மாலையோடு இறங்கினார். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மேளக்காரர்கள் மட்டும் காருக்கு மரியாதையாக ஒரு சுற்று அடித்தார்கள். பாய் உள்ளே வந்து, பெட்டி மேல் மாலையை வைத்து, கண்ணாடி வழியாகக் குனிந்து பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தார். தாடைக்குக் கட்டு, நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு.

பார்த்ததும் சிரித்துவிட்டார்.

அழுகையைச் சிரிப்பென்று நினைத்துவிட்டோமோ என்று கூட்டம் அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்த்தது. இல்லை, சிரிப்புதான். கைக்குட்டையால் வாயைப் பொத்தியும் தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீரும் ஓடியது. அர்ச்சுனன் எழுந்தார். சட்டைக் கையை மடக்கிக்கொண்டுதான் எழுந்தார்.

"மன்னிச்சிக்குங்க தம்பி. தங்கச்சி, நீயும் மன்னிச்சிக்கம்மா. எம் பேரு ஜக்கரியா. சவுதில இருந்தேன், போன மாசம்தான் வந்தேன். இந்த மூஞ்சிய இதே மாரி, இதே பஞ்சோட முன்னயே ஒருவாட்டி பாத்துருக்கேன். அதான் அடக்க முடியல."

சேரன் தன்னையறியாமல் போனில் ரெக்கார்டரைத் தட்டிவிட்டான்.

பாய் அப்போது ஸ்டில் போட்டோகிராபருக்கு உதவியாள். 'கரையேறும் நேரம்' எடுத்த நாட்களில் அவருக்கும் திருமாலுக்கும் சிநேகம். கதைப்படி ஹீரோவின் அண்ணன் இறந்துபோகிறான், ஆற்று மணலில் பாடையை இறக்கி வைக்கிறார்கள், ஹீரோ பிணத்தின் மேல் விழுந்து அழுகிறான். பிணமாக நடிக்க வந்தவருக்கு அன்று காலைதான் கல்யாணம் நிச்சயமானதாகத் தந்தி வந்ததாம், படுக்கமாட்டேன் என்று சொல்லி ரயிலேறிவிட்டார். வேடிக்கை பார்த்த கூட்டத்தில் யாருக்காவது தைரியம் இருக்கிறதா என்று டைரக்டர் கேட்டிருக்கிறார். கம்பெனிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்த திருமால் கையைத் தூக்கியிருக்கிறார்.

"காலைல படுத்தவன், உச்சி வெயில் வரைக்கும் படுத்திருந்தான். ஹீரோவுக்கு அழுகை வரல, திருப்பித் திருப்பி எடுத்தாங்க. இவன் காதுல கட்டெறும்பு ஏறிக் கடிக்குது, எனக்குத் தெரியுது. அசையலியே."

சேரனின் காதில் வேறொரு ஒலிப்பதிவு ஓடியது. பேச்சு இருந்தபோது பெரியப்பா கொடுத்த நேர்காணல். ஹீரோ என் நெஞ்சில் விழுந்து அழுதார். எனக்கு டயலாக் கிடையாது, எல்லாம் மூஞ்சியிலேயே காட்டணும். இவ்வளவு அசையாமல் நடித்த ஆளைப் பார்த்ததில்லை என்று டைரக்டர் சொன்னார். நான் இல்லையென்றால் அந்தக் கதையே இல்லை. இதையெல்லாம் கூட்டிப் பெருக்கிச் சேரன் ஆய்வில் 'துணை நாயகன்' என்று எழுதியிருந்தான். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்தது சேரன் சேர்த்த அந்த ஒரு சொல்தான்.

"பொணமாவா?" என்றாள் தனக்கோடி. காலையிலிருந்து அவள் முதுகு சுவரை விட்டு விலகியது இப்போதுதான்.

"ஆமாந்தங்கச்சி."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவங்க அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. பொண்ணு பாத்துக்கினு இருக்காங்க, பாடைல படுத்தவன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான், கட்டிக்கப் போறவ காதுல இது விழவே கூடாதுன்னு. எங்கிட்டயும் வாங்கிட்டாங்க." பாய் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். "இனிமே சொல்லலாம். இனிமே என்னா அபசகுனம்?"

அவர் ஜிப்பா பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். சினிமாவில் ஒரு வழக்கம் உண்டாம். பிணமாகப் படுத்தவனை அப்படியே எழுப்பி வீட்டுக்கு அனுப்பக்கூடாது. பூசணிக்காய் உடைத்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி, ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும். சாவை ஏமாற்றுவதற்கு அதுதான் ரசீது. ஹீரோயின் போட்டோவெல்லாம் படக் கம்பெனிக்காரர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள், இதை யாரும் கேட்கவில்லை. மங்கலம்பேட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் பாயின் மகன் பழைய படங்களை ஸ்கேன் பண்ணும்போது இதையும் பண்ணியிருக்கிறான்.

கருப்பு வெள்ளை. ஆற்று மணல், தென்னங்கீற்றுப் பாடை. அதன் மேல் எழுந்து உட்கார்ந்திருக்கிறார் ஒரு இளைஞர். தாடைக் கட்டு கழுத்தில் இறங்கிக் கிடக்கிறது. நெற்றியில் காசு. மூக்கின் இரண்டு துளையிலும் பஞ்சு. அத்தனை பல்லும் தெரியச் சிரிக்கிறார். பின்னால் மைக் பிடித்தவன், குடை பிடித்தவன், கிளாப் பலகை. பலகையில் சாக்பீஸில் படத்தின் பெயர்.

கிளாப் பலகையைச் சேரன் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தான். பல்கலைக்கழகம் கேட்கும் அத்தனையும் அந்தச் சதுரத்துக்குள் இருந்தன.

தனக்கோடி போனை வாங்கி மடியில் வைத்துக் குனிந்து பார்த்தாள். திரை அணைந்தது. சேரன் தொட்டுக் கொடுத்தான். மறுபடி பார்த்தாள். மறுபடி அணைந்தது. மூன்றாவது தடவை தொடச்சொல்லி அவளே நீட்டினாள். பிறகு போனை எதிரே சௌந்தர்யாவின் கையில் கொடுத்தாள்.

சௌந்தர்யா பார்த்துவிட்டுப் பக்கத்தில் கொடுத்தாள். அவள் அதற்குப் பக்கத்தில். ஒப்பாரி பாட வந்தவளும் பாட்டை நிறுத்தி, கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். போன் பெண்கள் பக்கம் ஒரு சுற்று வந்து மறுபடி தனக்கோடியிடமே சேர்ந்தது. வட்டத்தில் யாரோ, எவ்ளோ பல்லு பாரேன் என்றார்கள். யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை அர்ச்சுனன் எழுந்திருக்கவில்லை.

"சேரா, போஸ்டருக்கு இந்தப் போட்டோவ குடு" என்றாள் பெரியம்மா.

"கீழ என்னான்னு போடச் சொல்ல?"

அவள் பெட்டிக்குள் இருந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நடிகருன்னுதான் போடணும்."

சொல்லி முடித்த பிறகுதான் வாயில் தலைப்பை வைத்துக்கொண்டு அழுதாள். காலையில் அழுத மாதிரி இல்லை, நன்றாக அழுதாள்.

சேரன் பாயை வாசலுக்கு அழைத்துப்போய் முழுப்பெயர், ஊர், அந்நாளைய வேலை எல்லாம் கேட்டு ஒலிப்பதிவு செய்தான். நேர்காணலைப் பயன்படுத்தச் சம்மதம் என்று ஒருதரம் வாயால் சொல்லுங்கள் பாய் என்றான். எழவு வூட்டுல சாட்சி கையெழுத்து வாங்கறான் பாரு என்று பாய் டிரைவரிடம் சொன்னார். ஆனாலும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, சம்மதம் என்றார்.

படத்தையும் ஒலிப்பதிவையும் அனுப்பியதும் மேடத்திடமிருந்து பதில் வந்தது. ஆதாரம் போதும், அத்தியாயம் இருக்கட்டும். 'துணை நாயகன்' என்பதைத் திருத்தவும். தலைப்பைத் தயவுசெய்து ஒருமையில் மாற்றவும். பெரியப்பாவுக்கு ஆழ்ந்த இரங்கல்.

பெரியப்பா கிளம்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. சேரன் ஈர வேட்டியோடு கொள்ளிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். புகை கண்ணில் அடித்தது. அது வசதியாகத்தான் இருந்தது. தெருமுனையில் மேளம் நின்றது. அதற்கு மேல் பெண்கள் வரக்கூடாது.

முனை வீட்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பசை இன்னும் ஈரம். பாடை, மைக், குடை, கிளாப் பலகை எல்லாவற்றையும் மணி வெட்டியிருந்தார். முகம் மட்டும் சுவர் உயரத்துக்குச் சிரித்தது. பஞ்சை அழிக்கச் சொல்லியிருந்தார்கள், அவசரத்தில் ஒரு துளையில் மட்டும் அழித்திருந்தார். கீழே பெரிய எழுத்தில், நடிகர் திருமால்.

மேளம் மறுபடி எழுந்தது. தோள் மாற்றித் தூக்கினார்கள். கொள்ளிச் சட்டியோடு சேரன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். மற்ற பெண்கள் வீட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கியிருந்தார்கள். தனக்கோடி மட்டும் சுவரோரம் நின்றாள். போஸ்டரின் கீழ் மூலை ஒன்று ஒட்டாமல் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதை உள்ளங்கையால் சுவரோடு சேர்த்து அழுத்தினாள். பிடிக்கிறதா என்று பார்க்கவில்லை. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.