உடன்பிறந்தோர்: எவருமில்லை

உலகநாதன் நாலாவது தடவையாக விசாரணைக்கு வந்தபோதும் நூருன்னிசா கடையில் தனியாகத்தான் இருந்தாள்.

மதகடிப்பட்டில் விழுப்புரம் ரோட்டின் மேலேயே அவர்களுடைய ஜவுளிக்கடை. பின்கட்டில் வீடு. செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை கூடினால் கடையில் நிற்க இடமிருக்காது. மற்ற நாட்களில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அன்று வியாழக்கிழமை. அவள் கணவன் நிஜாமுதீன் சரக்கெடுக்க மெட்ராசுக்குப் போயிருந்தான். அவன் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் இந்த ஆள் வருகிறான் என்பது அவளுக்கு மூன்றாவது தடவையே பிடிபட்டுவிட்டது.

உலகநாதன் போலீஸ்காரன். ஆனால் காக்கி போட்டு அவள் பார்த்ததில்லை. வெள்ளைச் சட்டை, வேட்டி, கக்கத்தில் ஒரு ரெக்சின் பை. வந்தால் நேராகக் கடைக்கு வரமாட்டான். எதிரே டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, அங்கிருப்பவர்களிடம் ஏதாவது கேட்டுவிட்டுத்தான் ரோட்டைத் தாண்டுவான். அவன் போனபிறகு இரண்டு மூன்று நாளைக்கு அக்கம்பக்கத்தில் யாரும் அவளிடம் சரியாகப் பேசமாட்டார்கள். தினமும் வந்து கதை பேசும் பக்கத்து வீட்டு காசம்மாள்கூட, வாளியை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்காத மாதிரி குழாயடிக்குப் போய்விடுவாள்.

"ஒண்ணுமில்லம்மா. பழைய கேள்விதான்," என்று பெஞ்சில் உட்கார்ந்தான் உலகநாதன். குரலில் எப்போதும் மரியாதை இருக்கும். "பொறந்தது சைகோன்ல. அத்தா வில்லியனூர்க்காரரு, அங்க துணிக்கடை வெச்சிருந்தாரு. அம்மா அந்த ஊரு. ரெண்டு பேரும் மவுத்தாயிட்டாங்க. சரிதானே?"

"சரிங்க."

"கூடப்பொறந்தவங்க?"

"யாருமில்லீங்க."

அவன் எழுதிக்கொண்டான். நாலு தடவையும் அதே பதிலை அதே நிதானத்தோடு எழுதிக்கொண்டான். எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பிறகு அவளுக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

அவளுக்கு ஹபீப் முகமது என்று ஓர் அண்ணன் உண்டு.

அறுபத்தெட்டில், சைகோனில் தெருத்தெருவாகச் சண்டை நடந்தபோது, ஹபீப் வீட்டை விட்டுப் போனான். காட்டிலிருந்து சண்டை போடுகிறவர்களோடு சேர்ந்துவிட்டான் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு அத்தா அந்தப் பெயரை வீட்டில் உச்சரிக்க விடவில்லை. அதே கடையில் கணக்கப்பிள்ளையாக இருந்த நிஜாமுதீனுக்கு அவளைக் கட்டிவைத்தார். எழுபத்தாறில் கணவனும் மனைவியும் விமானம் ஏறி இந்தியா வந்தார்கள். நிஜாமுதீன் புதுச்சேரியின் இந்தக் கொம்யூன் வட்டாரத்திலேயே பிறந்தவன், இந்தியப் பாஸ்போர்ட்காரன். அவள் கையில் இருந்ததோ அழிந்துபோன ஒரு அரசாங்கத்தின் பாஸ்போர்ட். மறு வருஷம், இந்தியக் குடிமகனின் மனைவி என்ற முறையில் தன்னையும் குடியுரிமைக்குப் பதிவு செய்யச் சொல்லி விண்ணப்பம் போட்டாள். அதில் உடன்பிறந்தோர் என்ற இடத்தில் நிஜாமுதீன்தான் 'எவருமில்லை' என்று எழுதினான்.

"உசுரோட இருக்கானா இல்லையான்னே தெரியாதவன். அவன எழுதி நாமளே போய் மாட்டிக்கணுமா?" என்றான் அப்போது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

இப்போது எழுபத்தொன்பது. இரண்டு வருஷமும் நாலு மாதமும் ஆகிவிட்டது. எப்போது போய்க் கேட்டாலும், "உங்க பின்னணி விசாரணை இன்னும் முடியல" என்ற ஒரே பதில்தான்.

அந்த வாரமே தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கப் புதுச்சேரிக்குப் போனார்கள். வழக்கமாக ஒரு வருஷத்துக்கு முத்திரை குத்திக்கொடுக்கும் குமாஸ்தா உள்ளே போய் வெகுநேரம் கழித்து வந்தார். மூன்று மாதத்துக்குத்தான் கொடுத்திருந்தார்கள்.

"அதுக்கப்புறம்?" என்றான் நிஜாமுதீன்.

"அதுக்கப்புறம் மேல இருந்து என்னா வருதோ அதான் பாய்."

"கொழந்தை இங்க பொறந்ததுங்க. ரஹீமான்னு பேரு. ரெண்டு வயசு ஆவுது."

குமாஸ்தா பேப்பரைத் திருப்பிப் பார்த்தார். "கொழந்தைக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. அது இந்தியப் பிரஜை. அதை யாரும் எங்கயும் அனுப்ப முடியாது." கொஞ்சம் தயங்கிவிட்டு அவளைப் பார்த்துச் சொன்னார்: "அம்மாவைத்தான்."

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். அங்கே போனதும் நிஜாமுதீன் மதகடிப்பட்டுப் பஸ்ஸில் ஏறாமல் நின்றான். "ஒரு வக்கீலப் பாத்துட்டே போயிடலாம்," என்றான்.

வக்கீல் நாகராஜன் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே தொழிலுக்கு வந்தவர். மெட்ராஸ் ஹைகோர்ட்டிலும் கேஸ் நடத்துகிறவர். எல்லாக் காகிதத்தையும் ஒன்றுவிடாமல் படித்தார். படித்து முடிக்கும்வரை இவர்கள் பக்கம் திரும்பவில்லை.

"மூணு வழி இருக்கு," என்றார். "ஒண்ணு, இப்படியே காத்துக்கினு இருக்கிறது. மூணு மாசம்னு முத்திரை குத்தினப்புறம் அது நல்லதில்ல. ரெண்டாவது, ரெஜிஸ்டர் தபால்ல ஒரு நினைவூட்டல் போடுறது. எப்படியும் போட்டாகணும், கேட்டோம் பதில் வரலன்னு காட்டுறதுக்கு. மூணாவது, ஹைகோர்ட்ல ரிட் மனு."

"ரிட் போட்டா குடியுரிமை கெடச்சிடுமா சார்?"

"கெடைக்காது. அத நல்லா வெளங்கிக்கணும் பாய். குடியுரிமை குடுன்னு கோர்ட்டு சொல்லாது. இத்தன நாளைக்குள்ள ஒரு முடிவு சொல்லுன்னுதான் சொல்லும். அந்த முடிவு இல்லன்னும் வரலாம். ஏன் இல்லன்னு காரணம் சொல்லக்கூடச் சட்டத்துல கட்டாயமில்ல. முப்பது நாளைக்குள்ள டெல்லிக்கு மறுபரிசீலனைன்னு ஒரு மனு போடலாம், அவ்ளோதான். இப்ப ஃபைல் தூங்குது. நாம போய் எழுப்பப்போறோம். எழுந்தா எந்தப் பக்கம் திரும்பும்னு எனக்குத் தெரியாது."

மேலே மின்விசிறி கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. நிஜாமுதீன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மனுவோட அம்மா ஒரு பிரமாண வாக்குமூலம் குடுக்கணும்," என்றார் வக்கீல். "விண்ணப்பத்துல எழுதினது எல்லாம் உண்மைன்னு. அதுக்கு முந்தி ஒண்ணு கேட்டுக்கறேன். அந்த ஃபைல்ல எனக்குத் தெரியாதது ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல சார்," என்றான் நிஜாமுதீன்.

வக்கீல் அவனைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உலகநாதன் பேனாவை மூடிவிட்டுப் பார்க்கும் அதே மாதிரி. இன்னொரு காகிதத்தில், அதுவும் ஆண்டவன் பேரால், அண்ணன் இல்லை என்று எழுதினால் தன் கையாலேயே அவனுக்கு மண் தள்ளுவது போலாகும் என்று தோன்றியது. அதைவிட, இந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது, உலகநாதனுக்கும் தெரிந்திருக்கிறது, தான் மறைப்பது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது என்ற பயமே பெரிதாக இருந்தது.

"எனக்கு ஒரு அண்ணன் இருக்காருங்க," என்றாள்.

"நூரு!" என்று நிஜாமுதீன் பாதி எழுந்துவிட்டான்.

அவள் முழுவதையும் சொல்லி முடித்தாள். வக்கீல் எழுந்துபோய் வெளியறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பொய்யச் சொல்லி வாங்கின குடியுரிமைய பின்னால எப்ப வேணா புடுங்கலாம். பொய் சொன்னதுக்குத் தனியா ஜெயிலும் உண்டு," என்றார். "நீங்களே முந்திக்கிட்டு எழுதிக் குடுத்தா, தப்பத் திருத்தினதாகும். அவங்க கண்டுபுடிச்சா மறைச்சதாகும். வித்தியாசம் அவ்ளோதான். ஆனா அது பெரிய வித்தியாசம்."

"அண்ணன் அந்தப் பக்கம் சண்டை போட்டவன்னு நாமளே எழுதிக் குடுத்தா இவள வெச்சிருப்பாங்களா சார்?" என்றான் நிஜாமுதீன்.

"தெரியாது பாய். அதுல நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

வீடு திரும்பும்வரை நிஜாமுதீன் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வில்லியனூரில் பஸ் நின்றபோது அவன் எழுந்து வேறு இருக்கைக்கு மாறி உட்கார்ந்தான். மூன்று நாள் அப்படியே போனது. நாலாம் நாள், வக்கீல் எழுதிக்கொடுத்த திருத்தக் கடிதத்தை அவன்தான் தபாலாபீசுக்கு எடுத்துப்போய் ரெஜிஸ்டர் செய்துவிட்டு வந்தான். ரசீதை அவள் முன்னால் வைத்தான். "போட்டாச்சு," என்று மட்டும் சொன்னான்.

பன்னிரண்டாம் நாள் உலகநாதன் வந்தான். அன்று நிஜாமுதீன் கடையில் இருந்தான். அதைப்பற்றி உலகநாதன் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. டீக்கடையில் உட்காராமல் நேராக வந்தான். நோட்டுப் புத்தகத்தை வெளியே எடுக்கவில்லை. ரெக்சின் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துத் துணி அளக்கும் மேஜைமேல் வைத்தான்.

பழைய போட்டோ. சைகோன் கடை வாசல். பாவாடை சட்டையில் அவள், பக்கத்தில் தோளில் கை போட்டபடி ஹபீப்.

"இது எப்படி உங்ககிட்ட…" என்றாள்.

"உங்களுக்கு ஒரு லெட்டர் வந்துச்சும்மா. எழுபத்தேழு ஆகஸ்டுல. வில்லியனூர்ல உங்க அத்தா வூட்டு அட்ரசுக்கு. அதுக்குள்ள இருந்தது இது."

"எழுபத்தேழுலயா? எங்க அண்ணன் உசுரோட இருக்காரா?"

"அப்ப இருந்தாரு."

"அந்த லெட்டர்?"

"ஃபைல்ல இருக்கு."

"அதுல என்ன எழுதியிருந்தாரு? அத மட்டுமாவது சொல்லுங்க சார்."

உலகநாதன் போட்டோவை எடுத்து மறுபடியும் பைக்குள் வைத்துக்கொண்டான். "நாங்க முதல்லேருந்தே தெரிஞ்சுதான் கேட்டுக்கினு இருந்தோம்மா. நீங்களா சொல்றீங்களான்னு பாக்கச் சொல்லியிருந்தாங்க. இன்னும் ஒருதரம் இல்லன்னு சொல்லியிருந்தீங்கன்னா, நான் வந்திருக்க மாட்டேன். ஜீப்புதான் வந்திருக்கும்." அதையும் அவன் மரியாதையாகத்தான் சொன்னான்.

அவன் போனபிறகு நிஜாமுதீன் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். தாங்கள் எழுதிய பொய் இரண்டு வருஷமாக அவர்கள் முன்னால் திறந்தே கிடந்திருக்கிறது என்று அவனுக்கு உறைத்திருக்க வேண்டும். அவளோ அழவில்லை. ஆகஸ்டு என்று மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆகஸ்டில்தான் ரஹீமா பிறந்தாள்.

ரிட் மனு மெட்ராசில் விசாரணைக்கு வந்தது. நிஜாமுதீன் மட்டும் போனான். அவளுடைய அனுமதிக்கு இன்னும் பதினாறு நாள் மிச்சமிருந்தது. சாயங்காலம் வந்து செருப்பைக் கழற்றாமலே சொன்னான்: அரசாங்க வக்கீல், பாதுகாப்பு விஷயம், வெளியே சொல்வதற்கில்லை என்றாராம். நீதிபதி மூடிய உறையை வாங்கிப் படித்தாராம். படித்துவிட்டு, பன்னிரண்டு வாரத்துக்குள் ஒரு முடிவு சொல்லுங்கள், அதுவரை இந்தப் பெண்ணை வெளியேற்றக்கூடாது என்று உத்தரவு போட்டாராம்.

"ஜெயிச்சுட்டோமா?" என்றாள்.

"வக்கீல் அப்படிச் சொல்லல."

அந்தப் பன்னிரண்டு வாரம் அவள் எப்படி இருந்தாள் என்பதைப் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் கையிலிருக்கும் கத்தரிக்கோல் நின்றுவிடும். ரஹீமாவுக்குத் தானே சோறு பிசைந்து தின்னக் கற்றுக்கொடுத்தாள். நிஜாமுதீனை உட்காரவைத்துக் குழந்தைக்குத் தலை பின்னப் பழக்கினாள். அவன் எதற்கென்று கேட்கவில்லை. கோணல்மாணலாகப் பின்னினான். பதினோராவது வாரம் காசம்மாள் தானாகவே பின்கட்டுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "உன் மக எங்க வூட்டுல வளரட்டும், நீ ஒண்ணும் நெனைக்காத," என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆறுதல் சொல்லத்தான் வந்தாள். ஊரே முடிவு கட்டிவிட்டது என்று நூருன்னிசாவுக்கு அதைக் கேட்டுத்தான் தெரிந்தது.

கெடு முடிய நாலு நாள் இருந்தபோது கடிதம் வந்தது. நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். எதற்கென்று இல்லை. அவள் ஒரு துணிப்பையில் மாற்றுப் புடவை எடுத்துவைத்துக்கொண்டுதான் போனாள்.

அங்கே ஓர் அதிகாரி இரண்டு காகிதங்களை அவள் முன்னால் வைத்தார். முதலாவது அரசியலமைப்புக்கு விசுவாசமாக இருப்பேன் என்ற உறுதிமொழி. அதைப் படித்துக் கையெழுத்துப் போட்டால் பதிவு. இரண்டாவது தட்டச்சு செய்த அரைப்பக்கம். சகோதரனிடமிருந்து இனி எந்தக் கடிதம் வந்தாலும் பிரிக்காமல் போலீசில் ஒப்படைப்பேன், பதில் எழுதமாட்டேன் என்றிருந்தது.

நிஜாமுதீன் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினான். போட்டுவிடு என்று கண்ணால் சொன்னான்.

அவள் முதல் காகிதத்தைச் சத்தமாகப் படித்தாள். ஒரு சொல் திக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். இரண்டாவதைக் கையிலெடுத்துக் கேட்டாள்: "இது சட்டத்துல இருக்குங்களா?"

"சட்டத்துல இல்ல," என்றார் அதிகாரி. "நல்லெண்ணத்துக்காகக் கேக்கறது."

"அப்ப நான் போடலீங்க."

அதிகாரி இரண்டு காகிதங்களையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனார். உள்ளே யாரோ தொலைபேசியில் மெதுவாகப் பேசுவது கேட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. வாசலில் ஒரு ஜீப் வந்து நின்று, பிறகு கிளம்பிப்போனது. நூருன்னிசா துணிப்பையை மடியில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி திரும்பி வந்தபோது கையில் சான்றிதழ் இருந்தது. முத்திரை வைத்திருந்தது. வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. கையெழுத்தில்லாத அரைப்பக்கத்தை அவள் பார்க்கும்படியாகவே கோப்பில் கோத்து வைத்தார்.

ஊரில் லட்டு கொடுத்தார்கள். காசம்மாள் கட்டிப்பிடித்து அழுதாள். நிஜாமுதீன் சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கடைச்சுவரில் மாட்டினான்.

அதற்குப் பிறகு வந்த தபால்களில் ஒரு மாறுதல் தெரிந்தது. காரைக்காலிலிருந்து அவள் சின்னம்மா எழுதிய கடிதம், ஈரோட்டு ஜவுளி வியாபாரியின் விலைப்பட்டியல், ரஹீமாவுக்கு வந்த பெருநாள் வாழ்த்து: எல்லா உறைகளின் வாயும் பிரித்து மறுபடி ஒட்டியிருந்தது. மறைக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை. சிலதில் பசை காயவில்லை.

"வுடு நூரு," என்றான் நிஜாமுதீன். "வாங்கவேண்டியத வாங்கிட்டோம். படிச்சா படிச்சிட்டுப் போறானுங்க."

அவள் மறுநாள் காலைப் பஸ்ஸில் தனியாகப் புதுச்சேரிக்குப் போனாள். வக்கீல் நாகராஜன் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு நாற்காலியில் பின்னால் சாய்ந்தார்.

"எங்க அண்ணன் எழுதின லெட்டர அவங்ககிட்டேருந்து வாங்க வழி இருக்குங்களா சார்?"

"கேக்கலாம். நேத்து வரைக்கும் நீங்க வெளிநாட்டுக்காரங்க. இப்ப உங்களுக்குக் கேக்கற உரிமை கூடுதலா இருக்கு." அவர் குரலில் உற்சாகமே இல்லை. "ஆனா கேட்டா அந்த ஃபைலத் திரும்பத் திறப்பாங்கம்மா. அதுல என் பேரு, உங்க பேரு, பாயோட பேரு எல்லாம் இருக்கு. ஏதோ ஒண்ணு மறைச்சிட்டீங்கன்னு சொல்லி, குடுத்தத ரத்து பண்ணவும் வழி இருக்கு. பாய்கிட்ட சொல்லிட்டு வந்தீங்களா?"

"இல்லீங்க."

அவர் தன் குமாஸ்தாவைக் கூப்பிட்டு டைப்ரைட்டரில் தாள் மாட்டச் சொன்னார்.

"யோசிச்சுச் சொல்லுங்க," என்றார்.

"எழுதுங்க சார்," என்றாள் நூருன்னிசா.