படத்துக்கு இடம் கொடுத்த வீடு

இதை நான் கண்ணால் பார்க்கவில்லை. அந்த அலுவலகத்தில் தாரணிக்கு அடுத்த நாற்காலியில் இருந்த நௌஷாத் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவனுக்கும் பாதிக்கு மேல் தாரணி சொல்லித்தான் தெரியும். கேட்டதைக் கேட்டபடியே சொல்கிறேன்.

கணினித் திரையில் ஒரு ஜன்னல் திறந்தால், அதற்குள் தெரியப்போகும் படத்தை முதலில் எங்காவது வைத்து வரைய வேண்டும். கோயம்புத்தூரில் இருந்த அந்த நிறுவனம் அதற்கான இடத்தைப் பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டு வரிசையிலிருந்து எடுத்துவந்தது. அறைகள் எல்லாம் ஒரே அளவு, தரை சமம், வெளிச்சம் குறைவு. படத்துக்கு அது வசதி. கடல் தாண்டி ஏதோ ஒரு வங்கியில் ஒருவர் ஜன்னலைத் திறந்ததும் இங்கே ஓர் அறை போகும். தரையில் படம் வரையப்படும். அவர் ஜன்னலை மூடியதும் அறை திரும்பி வரும். அதுவரை வீட்டுக்காரர்கள் சுவரோரமாக ஒதுங்கிக்கொள்வார்கள். குழந்தைகளிடம் மட்டும் படத்தை மிதிக்காதே என்று சொல்ல வேண்டியிருந்தது.

தாரணி அந்த வரிசையில் மூன்றாவது வீட்டுப் பெண். அப்பா ஆறுச்சாமி விசைத்தறி ஓட்டியவர். இடுப்பில் அடிபட்ட பிறகு வீட்டோடு இருந்தார். அம்மா பகல் முழுவதும் நூல்மில்லில். அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் தாரணியுடையது. அதனாலேயே எதைச் செய்தாலும் மூன்று முறை சரிபார்ப்பாள், பிறகும் பயப்படுவாள். அவளுக்குக் கொடுத்த வேலை, இடம் கேட்கும் முறையைப் புதிதாக எழுதுவது. யார் கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம், கொடுத்ததை யார் திருப்பித் தர வேண்டும். அலுவலகத்தில் அதை இடைமுகம் என்றார்கள்.

பழைய முறையில் திருப்பித் தருவது யார் என்று யாரும் எழுதியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு மயிலாத்தாள் ஒரு கல்யாணத்துக்காகத் தாராபுரம் போயிருந்தபோது ஆள் இல்லாத சமையற்கட்டைக் கேட்டு வாங்கியவர்கள் அப்படியே மறந்துவிட்டார்கள். அவள் வந்து கதவைத் திறந்தால் பக்கத்துச் சுவர்தான் இருந்தது. அன்றிலிருந்து வாசலில் அடுப்பு மூட்டிச் சமைக்கிறாள். லைன் வீட்டில் யாரும் வீட்டை ஆளில்லாமல் விட்டுப் போவதும் இல்லை.

ஒருநாள் மேலாளர் ஜெர்லின் மேடம் தாரணியைக் கூப்பிட்டார்.

"வங்கியில இருந்து புகார். ஜன்னலைத் திறந்ததும் ஒரு ஆள் பனியனோட உக்காந்து களி தின்னுட்டு இருக்காராம். கண் சிமிட்டற நேரந்தான், அப்புறம் கணக்கு வந்துடுது. ஆனா நாலு பேரு பார்த்துட்டாங்க." புகாரோடு வந்திருந்த படத்தைத் திருப்பிக் காட்டினார்.

தாரணி பார்த்தாள். பனியனில் தோள்பக்கம் ஓட்டை இருந்தது. அதைத் தைத்துத் தருவதாக அவள் சொல்லியிருந்தாள்.

"மேடம், அது எங்கப்பா."

"அப்பாவா? நல்ல பசியோட சாப்பிடறார்," என்றார் ஜெர்லின் மேடம். "சரி. இனிமே இடத்தைத் துடைச்சுட்டுத்தான் குடுக்கணும். பழசு எதுவும் மிஞ்சக் கூடாது."

அதற்கென்று துடைப்பவர் ஒருவரை ஏற்பாடு செய்து, வரிசையின் கடைசியில் காலியாகக் கிடந்த அறையில் சோதித்துப் பார்த்தார்கள். துடைப்பவர் போய்வந்த பிறகு சுவரில் காலண்டர் இல்லை, ஆணி இல்லை, ஆணி அடித்த துளையும் இல்லை. அவர் போவதற்கு முன் விளக்குக்குப் பக்கத்தில் ஒரு பல்லி இருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தாரணி மட்டும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஒரு விதி சேர்த்தாள். துடைப்பவர் கதவைத் தட்ட வேண்டும். உள்ளிருந்து "வாங்க" என்று குரல் வந்த பிறகே நுழையலாம். பதிலே வராவிட்டால் அது ஆளில்லாத இடம்.

"ஆள் இருந்தா வேண்டாம்னு சொல்லிடுவாங்க. அது போதும்," என்று ஜெர்லின் மேடம் ஒப்புக்கொண்டார்.

வாசலில் வந்து நின்ற ஒருவரைப் பார்த்து அப்பா வேண்டாம் என்று சொல்லித் தாரணி கேட்டதே இல்லை. கரண்டைத் துண்டிக்க வந்தவனைக்கூட உட்காரவைத்து மோர் கொடுத்தவர். வந்த வேலையை அவன் முடிக்கும்வரை ஏணியையும் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தாள்.

"வாசலுக்கு வர்றவங்கள வேண்டாங்கறதா? நல்லாப் படிச்ச, போ," என்றார் ஆறுச்சாமி.

"அவங்க தொடைக்க வர்றவங்கப்பா. தொடைச்சா ஒண்ணும் மிஞ்சாது."

"தொடைக்கறவங்களும் இந்த வெயில்லதான வர்றாங்க, அம்மிணி."

அவரிடம் பேசிப் பயனில்லை என்று தெரிந்ததும் டேப்பை எடுத்து அறையை அளந்தாள். படத்துக்குக் கேட்ட அகலத்துக்குச் சரியாக இடம் கிடைப்பதில்லை. அடுத்த முழு அளவுக்கு உயர்த்தித்தான் கிடைக்கும். அதனால் ஒவ்வோர் அறையிலும் ஓரமாக ஒரு பட்டை மிஞ்சும். அங்கே படம் வராது. யாருக்கும் தெரியாது. துடைப்பவருக்கும் அதற்குள் அதிகாரம் இல்லை.

"துணிக்கு ஓரம் விடற மாதிரியா?" என்றார் அப்பா.

"அதே மாதிரிதான்."

அந்தப் பட்டை, மேற்குச் சுவரை ஒட்டி, கயிற்றுக் கட்டிலின் அகலம் இருந்தது. அம்மாவும் அவளும் கட்டிலை அதற்குள் நகர்த்தி அப்பாவைத் தூக்கி உட்காரவைத்தார்கள்.

"யார் வந்தாலும் வாங்கன்னு சொல்லிக்குங்க. ஆனா கட்டில விட்டு மட்டும் எறங்காதீங்க."

"செரி," என்றார். அவர் சொன்ன சொல் தவற மாட்டார். அதனால் தாரணி அன்றிரவு தூங்கினாள்.

புதிய முறை நடைமுறைக்கு வந்த அன்று அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மதியத்துக்கு முன் வங்கியில் ஒருவர் ஜன்னலைத் திறந்தார். மூன்றாவது வீட்டைக் கேட்டார்கள். கதவு தட்டியாயிற்று என்று வந்தது. பதில்: வாங்க. அதன் கீழே இன்னொரு பதில் வந்தது: உக்காருங்க.

அவள் அப்பாவுக்குப் போன் செய்தாள்.

"கட்டில்லதான இருக்கீங்க?"

"மெதுவாப் பேசு. வந்தவங்க இருக்காங்க." குரலைத் தாழ்த்தினார். "அவங்கள நிக்கவெச்சுட்டு நாம் மட்டும் கட்டில்ல உக்காந்திருக்கறதா? கட்டில அவங்களுக்குக் குடுத்துட்டு நான் கீழ உக்காந்துட்டேன்."

"எந்திரிச்சுச் சுவரோரம் போங்கப்பா."

"இடுப்புப் புடிச்சுக்கிச்சு. உங்கம்மா வந்தாத்தான் எந்திரிக்க முடியும்."

தாரணி கணக்குப் போட்டாள். துடைப்பவர் இருப்பது பட்டைக்குள். அங்கிருந்து அவர் அறையைத் துடைக்க முடியாது. எழுந்து தரைக்கு வந்தால், படம் வரைவதுபோலவே, தரையின் முதல் வரிசையிலிருந்து, இடமிருந்து வலமாகத் துடைப்பார். அப்பாவின் கால் முதல் வரிசையில்தான் நீண்டிருக்கும்.

போன் காதிலேயே இருக்க, தன் இடைமுகத்தைத் திறந்தாள். கேட்பதை எழுதியிருந்தாள், கொடுப்பதை எழுதியிருந்தாள், திருப்பித் தருவதைக் கவனமாக எழுதியிருந்தாள். அனுப்பியவரைப் பாதியில் திரும்பக் கூப்பிடும் வழியை மட்டும் எழுதவில்லை. கேட்டுவிட்டு யாராவது வேண்டாம் என்பார்கள் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"அப்பா, அவங்கள எந்திரிக்க மட்டும் விடாதீங்க."

"அத நீ சொல்லித்தான் எனக்குத் தெரியோணுமா? மயிலாத்தா! ஒரு டீ கொண்டா புள்ள."

பிறகு போனைத் தரையில் வைத்துவிட்டார் போல. தாரணிக்கு அப்பாவின் குரல் மட்டும் கேட்டது. எதிர்க்குரல் கேட்கவில்லை.

"எந்தப் பக்கமுங்க சொந்த ஊரு? அப்படியா... அங்க மழை எப்படி? பெரியவனப் பள்ளிக்கூடத்துல போட்டாச்சுங்களா?"

கொஞ்ச நேரத்தில் மயிலாத்தாளின் குரல் வந்தது. "மாமா, டீயுங் காணோம், டம்ளருங் காணோம்."

"கையில வாங்குனதத் தொடைக்கறது அவங்க பழக்கம். இன்னொண்ணு கொண்டா."

"சமையக்கட்டே போச்சு. டம்ளருக்கு நான் எங்க போறது? இருக்கறதே இன்னும் ரெண்டுதான்."

"ரெண்டையும் கொண்டா."

ஜெர்லின் மேடம் பின்னால் வந்து நின்றார். "ஏன் இன்னும் அந்த ஜன்னல் திறக்கல?"

"துடைக்கப் போனவர் டீ குடிக்கறார் மேடம்."

"யார் வீட்டுல?"

"எங்க வீட்டுல."

ஜெர்லின் மேடம் யோசித்தார். "குடிக்கட்டும். குடிச்சுட்டிருக்கறவரை எழுப்பறது நல்லா இருக்காது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது டம்ளரும் போயிற்று. மூன்றாவதும் போயிற்று. அப்பா தறியைப் பற்றிப் பேசினார், இடுப்பில் அடிபட்ட கதையைச் சொன்னார், மகள் படித்த கதையைத் தொடங்கினார். அந்தக் கதை நீளமானது, ஆனால் முடிவுள்ளது. அது முடியப்போகும் இடம் தாரணிக்குத் தெரியும். பட்டமளிப்பு விழாவுக்கு அவர் வந்தபோது பேருந்து மாறி ஏறியதோடு அது முடிந்துவிடும். அவர் பேருந்தில் ஏறிவிட்டார்.

அப்போது வங்கிக்காரர் காத்திருந்து அலுத்துப்போய் ஜன்னலை மூடினார். அதோடு இடம் கேட்டதும் துடைக்கும் வேலையும் இல்லாமல் போயிற்று. போனில் கயிற்றுக் கட்டில் கிறீச்சிட்டது.

"சாப்பிடற நேரத்துல கெளம்பறதா? நல்லாருக்குதுங்களே... செரி செரி. வேலையிருந்தா என்ன பண்றது."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அப்பா போனை எடுத்தார்.

"போயிட்டாங்க. நல்ல மனுசன். பேச்சுத்தான் கம்மி."

"என்ன சொல்லிட்டுப் போனாங்க?"

"வேற என்ன சொல்லுவாங்க? போயிட்டு வர்றேன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அடுத்த தடவ வீட்ல இருக்கறவங்க எல்லாத்தையுங் கூட்டிட்டு வாங்கன்னேன். ஒரு வார்த்தைக்காவது சொல்லோணுமல்ல?"

அன்று மாலையே தாரணி திரும்பக் கூப்பிடும் வழியை எழுதிச் சேர்த்தாள். வேலைக்கு வந்தவரைத்தான் அது திரும்பக் கூப்பிடும். விருந்துக்கு வருபவரை அது ஒன்றும் செய்யாது. வாரக்கடைசியில் மீண்டும் ஊருக்குப் போய் மேற்கு ஓரத்தை அளந்தாள். ஒரு கட்டில்தான் பிடிக்கும். எப்படி அளந்தாலும் ஒன்றுதான். நௌஷாத் சொன்னது இவ்வளவுதான்.

இதில் ஒன்றை மட்டும் நான் பிறகு விசாரித்தேன். பல்லடத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினேன். இடது பக்கம் இரண்டு இருக்கைகளில் நிறம் இல்லை, கம்பியில் பெயிண்ட் இல்லை. நடத்துனரிடம் கேட்டேன். அங்கே உட்காருபவர் லைன் வீட்டு நிறுத்தத்துக்கு வழக்கமாக ஒரு முழு டிக்கெட்தான் எடுப்பார் என்றார். இந்த வாரம் இரண்டு முழு, மூன்று அரை. மடியில் இருக்கும் கைக்குழந்தைக்கு டிக்கெட் கிடையாது என்றும் சொன்னார்.