சிறகில் கறுப்புப் பட்டை

என் வீட்டுக்காரர் எல்லைச் சோதனைச் சாவடியில் பூச்சி ஆய்வாளர். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பழம்கூட உள்ளே வர விடமாட்டார். என் அம்மாவின் கூடையையே கவிழ்த்துக் கொட்டியவர். ஆனால் அவருடைய மனைவியின் பையை அங்கே யாரும் திறப்பதில்லை.

இரண்டு மாதம் முன்பு, அந்தப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து திரும்பியபோது என் புடவைகளுக்கு அடியில் மூன்று மாம்பழங்கள் இருந்தன. அவர் வேலைக்குப் போன நேரத்தில் நறுக்கித் தின்றேன். ஒன்றில் புழு. அதைக் கொய்யா மரத்தடியில் வீசிவிட்டு மறந்தும் போனேன்.

இன்று காலை தோட்டமெங்கும் ஈ மொய்த்தது. "என்னங்க, இது என்னன்னு பாருங்க. உங்க சொந்தக்காரங்கதானே" என்று கூப்பிட்டேன். சிரித்தபடி கண்ணாடி ஜாடியோடு வந்தார்.

"பூவுல நிக்கிறது தேன் குடிக்க வந்தது. கீழ மொய்க்கிறது அழுகலுக்கு வந்தது. ரெண்டும் ஒண்ணும் பண்ணாது" என்றார். பிறகு ஒரு நல்ல காயைப் பார்த்து நின்றுவிட்டார். அதன் மேல் ஒரு ஈ உட்கார்ந்து வால் நுனியைத் தோலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தது.

அதைப் பிடித்துச் சமையலறை மேசையில் வைத்து, லென்ஸால் வெகுநேரம் பார்த்தார். காபி ஆறியது. "சிறகப் பாரு" என்றார். குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை.

"காய்க்குள்ள முட்டை போட்டுப் புழு வைக்கிற ஈ. இது இங்க இருக்கவே கூடாது. ரெண்டு கிலோமீட்டருக்குள்ள ஒரு பழ மரம் நிக்காது, எல்லாத்தையும் வெட்டணும். வெளியிலேருந்து பழம் ஏதாச்சும் வந்துச்சா?"

"நம்ம வீட்டுக்கா? உங்கள மீறியா?" சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கே சகிக்கவில்லை.

"இந்த மரத்துக் காய யாருக்காச்சும் குடுத்தியா?"

"இல்ல."

போன மாதம் தம்பி வந்து ஒரு கூடை நிறைய அள்ளிக்கொண்டு போயிருந்தான். ஊருக்கு வெளியே அவனுக்கு நானூறு மாமரம். ஏழு வருஷம் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டவன். இந்த வருஷம்தான் முதல் காய்ப்பு.

என்னை அவர் அப்படியே நம்பினார். சுவருக்கு அப்பால், பக்கத்து வீட்டு டெய்லர் தன் எலுமிச்சைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "அவர் பையன் போன மாசம் எல்லை தாண்டி வந்தான்ல? அவன்தான் கொண்டாந்திருக்கணும்" என்று என்னிடம் சொல்லிவிட்டு என் வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போன் செய்தார். டெய்லர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

என் வீட்டுக்காரர் பேசி முடித்ததும் என் போன் அடித்தது. தம்பி.

"அக்கா, மாமா இருக்காரா? தோப்புல ஏதோ சின்ன ஈ மொய்க்குது. காய் மேல உக்காந்து வாலால குத்துது. சிறகுல கறுப்பா ஒரு கோடு. என்ன பூச்சின்னு கேட்டுச் சொல்லேன்."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"யாரு, உன் தம்பியா?" அவர் கையை நீட்டினார். "குடு. அவன் தோப்பாவது தப்பிச்சுதேன்னு சொல்றேன்."

ஜாடிக்குள் அது இன்னும் சிறகடித்துக்கொண்டிருந்தது. போனை அவரிடம் கொடுத்தேன்.