பள்ளத்திக்குப் பத்து நாள் தீட்டு

யக்ஞநாராயணன் என்ற பேரைச் சொல்லி முடிப்பதற்குள் மலைமேல் இருக்கும் பள்ளிவாசல் பவர் ஹவுஸில் மெஷின் நாலு சுற்றுச் சுற்றிவிடும். அதனால் அங்கே எல்லாருக்கும் அவன் சாமிதான். கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரன், வெங்காயம்கூட வாசல் தாண்டாத குடும்பம். அப்பேர்ப்பட்டவன் சித்திரபுரம் குவார்ட்டர்ஸில் மீன் வளர்த்தான் என்றால் யாராவது நம்புவார்களா? வளர்த்தான் ஐயா.

வேறொன்றுமில்லை, தனிமை. கல்யாணமாகி நாலு வருஷம். மனைவி சேஷம்மாள் கல்பாத்தியில், இவன் மலையில். லீவுக்குப் போனால் ஒன்றரை வயசு மகள் அகிலாண்டம் இவனைக் கண்டதும் வீல் என்று கத்துவாள். யாரோ ஒரு மாமா வந்து தூக்குகிறார் என்று அவளுக்கு நினைப்பு. மலைக்குளிர் குழந்தைக்கு ஆகாது என்று மாமனார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தக் கோர்ட்டில் அப்பீல் கிடையாது.

கூட வேலை பார்த்த சூசையப்பன்தான் ஆலப்புழைக் காயலிலிருந்து ஒரு ஜோடி பள்ளத்தி மீனைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளங்கைக்குள் அடங்குகிற மீன், மஞ்சளும் சிவப்பும் கலந்த உடம்பு, விலாவில் கரும்புள்ளி. "வறுத்தா ஜோரா இருக்கும் சாமி. உங்களுக்குத்தான் ஆகாதே, அழகு பாருங்க" என்றான். இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்துத் தொட்டி செய்தார்கள். ஆற்று மணல் பரப்பி, நடுவில் ஒரு கல்லை வைத்து, வேலம்பாசி நட்டு, ஓடையில் பிடித்த பத்துப் பரல் மீன்களையும் துணைக்கு விட்டார்கள். குளிருக்கு என்ன வழி? ஒரு பாட்டிலுக்குள் பல்பை இறக்கி, கழுத்து வெளியே தெரியும்படி தண்ணீரில் நிறுத்தினார்கள். கரண்டுக்காரன் வீட்டு மீனுக்கு வேறென்ன குறை!

ஐம்பத்தெட்டாம் வருஷம், சித்திரை விஷு முடிந்த கையோடு சேஷம்மாள் குழந்தையுடன் வந்தாள். பதினைந்தே நாள். அப்புறம் மாமனாரே வந்து அழைத்துப் போவதாக ஏற்பாடு. "இங்கேயே இரு" என்ற வார்த்தை யக்ஞநாராயணனுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"ஐயையோ, இதென்ன கண்றாவி! பெருமாள் படம் மாட்டியிருக்கற எடத்துல மீனா?" என்று வந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டாள் சேஷம்மாள். ஆனால் குழந்தை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு அழுகையை மறந்துவிட்டது. அதனால் தொட்டி தப்பித்தது.

மூன்றாம் நாள் காலையில் தொட்டிக் கல்லின்மேல் பொடிப்பொடியாக முட்டைகள். பெண்மீன் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. சேஷம்மாள் மனசு இளகிவிட்டது. "கேட்டேளா, பிரசவமாயிருக்கு!" என்று கூவினாள். மூக்கிலிருந்து கையை எடுத்தது அப்போதுதான்.

சாயங்காலம் அவன் ஷிப்ட் முடிந்து வந்தால், ஆண்மீனைக் காணோம். குளிக்கிற இடத்து மண்தொட்டியில் தனியாகக் கிடந்தது.

"என்ன சேஷு இது?"

"பத்து நாள் தீட்டில்லையோ? பச்சை உடம்புக்காரி பக்கத்துல ஆம்படையானுக்கு என்ன வேலை? சொம்பால மொண்டு மாத்திட்டேன். பதினொண்ணாம் நாள் சேர்த்து வெச்சாப் போறும்."

மீனுக்கு ஏது தீட்டு என்று அவன் கேட்டிருக்கலாம். ஆனால் மீனைப் பற்றி அவனுக்கு மட்டும் என்ன தெரியும்? அகிலா பிறந்தபோது அவனையும் வாசலோடுதான் நிறுத்தினார்கள். பதினோராம் நாள்தான் குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். அதனால் தலையை ஆட்டிவிட்டுக் காபி குடித்தான், மகா புத்திசாலி!

மறுநாள் விடிந்ததும் பரல் மீன்கள் கூட்டமாக வந்தன. தாய் ஒன்றைத் துரத்தினால் இன்னொன்று பின்னால் வந்து முட்டையைக் கொத்தும். துரத்தப் போன நேரத்தில் விசிற ஆளில்லை, முட்டைகள் வெளுத்தன. சேஷம்மாள் கரண்டியால் கண்ணாடியைத் தட்டி, "சீ! போங்கோ பாவிகளா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அதற்கு அடுத்த நாள் பாதி முட்டை காலி. தாய்மீனின் வால் கிழிந்து தொங்கியது. மண்தொட்டியில் தகப்பன் குளிரில் விறைத்து, பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது.

சூசையப்பன் ஓடிவந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "என்ன காரியம் பண்ணிட்டீங்கம்மா! இந்தச் சாதியில அப்பனும் ஆத்தாளும் சேர்ந்துதான் காவல். ஒண்ணு விசிறணும், ஒண்ணு வெரட்டணும். பிரிச்சுப் போட்டா குஞ்சு தங்குமா?"

"இப்போ சேர்த்து விட்டா?" என்றாள் சேஷம்மாள்.

"சேருமோ, அடிச்சுக்கிடுமோ. மாதா விட்ட வழி."

வெந்நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மீனைத் தெளியவைத்தார்கள். ஜன்மத்தில் மீனைத் தொடாத சேஷம்மாள் இரண்டு கையாலும் அதை ஏந்தித் தொட்டியில் விட்டாள். பெண்மீன் பாய்ந்து வந்து முட்டியது. மறுபடியும் முட்டியது. ஆண்மீன் எதிர்க்கவில்லை, வாங்கிக்கொண்டு நின்றது. பிறகு மெல்ல நகர்ந்து கல்லடியில் போய் விசிற ஆரம்பித்தது. தாய் கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம் திரும்பிப் பரல் மீன்களைத் துரத்தப் போய்விட்டது.

"ரெண்டு நாள்தான் ஆச்சு. அதுக்குள்ள அவளுக்கு அவனை அடையாளம் தெரியலையே" என்றாள் சேஷம்மாள். கண் நிறைந்திருந்தது.

யக்ஞநாராயணனுக்கு எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ. "அகிலா பொறந்தப்போ என்னையும் வாசல்லதான் நிறுத்தினா, சேஷு. நான் இன்னும் உள்ளே வரலை" என்றான்.

சேஷம்மாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். சூசையப்பன் கூரையைப் பார்த்தான்.

மிச்சமிருந்த முட்டைகள் பொரிந்தன. ஒரு வாரத்தில் கொசுவளவு குஞ்சுகள் பெற்றோரைச் சுற்றி நீந்தி, அவற்றின் உடம்பையே மேய்ந்தன. எண்ணினால் நாற்பதுக்குக் குறையாது.

பதினான்காம் நாள் அவன் வீட்டுக்கு வந்தபோது டிரங்குப் பெட்டி திறந்திருந்தது. மூட்டை கட்டியாச்சு என்று நினைத்தான். பார்த்தால், சேஷம்மாள் பெட்டியிலிருந்து புடவைகளை எடுத்து அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்குத் தந்தி அடிச்சாச்சு, வர வேண்டாம்னு. சூசையப்பன்தான் போய் அடிச்சுட்டு வந்தான்."

"காரணம் கேட்டா என்னடி சொல்றது?"

"ஆத்துல பிரசவம்னு சொல்லுங்கோ!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "இல்லைன்னா உள்ளதைச் சொல்லுங்கோ. அகிலாவுக்கு அப்பா வேணும்னு" என்றாள்.

அவன் தொட்டிப் பக்கம் போனான். கண்ணாடியோடு ஒட்டி நின்ற குழந்தையைத் தூக்கினான். வழக்கம்போல வீல் என்று கத்தி, அம்மாவை நோக்கிக் கையை நீட்டினாள் அகிலா. சேஷம்மாள் வாங்கவில்லை. அடுத்த புடவையை மடித்தாள்.

"அழட்டும். கீழே விட்டுடாதேள். இன்னும் ரெண்டு நாள் அழுவா, அவ்வளவுதான்."

அவன் விடவில்லை.