கஜமுகனின் இடப்பக்கம்

கஜமுகன் செத்து முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்குச் சில நாட்கள் இருக்கும்போது குலசிங்கம் இறுப்பிட்டிச் சந்தியிலுள்ள நிமலனின் பனர் வடிவமைக்கும் கடைக்கு வந்து, கணினி மேசையில் தன் போனை வைத்தார். போனில் ஒரு படம். நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகும் வழியில், குறிகட்டுவான் இறங்குதுறையில் எடுத்தது. அவருடைய தங்கையின் மகன் கஜமுகன் வெள்ளைச் சேட்டுப் போட்டுச் சிரித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இடப்பக்கத்தில், அவன் தோளில் கை போட்டபடி, நிமலனின் தம்பி சுஜிதன் நின்றான்.

"இதுதான் பெடியன் வடிவா நிக்கிற படம். பனருக்கு இதைப் போடும். மற்றவனை எடுத்துவிடும். உம்மட கையாலதான் எடுக்கவேணும்."

கஜமுகன் செத்த விதம் தீவுப்பகுதி முழுக்கத் தெரியும். அவனும் சுஜிதனும் இறங்குதுறைப் பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது, பட்டணத்துப் பக்கமிருந்து முகத்தை மூடிக்கொண்டு மோட்டார் சைக்கிள்களில் வந்தவர்கள் வாளால் வெட்டினார்கள். கஜமுகனுக்குக் கழுத்திலும் முழங்கையிலும் வெட்டு. பஸ்ஸின் பின்சில்லுக்கு அருகில் கிடந்து, இரத்தம் போய் இறந்தான். சுஜிதனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பொலிஸ் அவனை விசாரித்துவிட்டு விட்டது. குலசிங்கம் விடவில்லை. சோடியாக நின்ற இருவரில் ஒருவனை மட்டும் வெட்டினால் மற்றவன் காட்டிக்கொடுத்தவன் என்பது அவருடைய முடிவு. அந்தியேட்டி முடியட்டும், பிறகு அவனைப் பார்த்துக்கொள்கிறேன் என்று செத்தவீட்டு முற்றத்தில் வைத்தே சொல்லியிருந்தார்.

ஆகவே நிமலனும் ஓர் ஏற்பாடு செய்தான். அந்தியேட்டி நாளில் குலசிங்கத்தின் ஆட்கள் எல்லாரும் கஜமுகனின் வீட்டில் நிற்பார்கள். அன்று பின்னேரக் கடைசிப் படகில் தம்பியை நெடுந்தீவுக்கு அனுப்பி, பெரியம்மா வீட்டில் விட்டுவைப்பது.

படத்தை நடுவில் நிறுத்துவதில் நிமலன் கவனமானவன். போட்டோஷொப்பில் அதற்கென்றே ஒரு பட்டன் உண்டு. அழுத்தினால் படம் இருக்கும் அடுக்கு, அந்த லேயர், தானாகவே நடுவுக்குப் போகும். அவன் அதை மட்டும் நம்புவதில்லை. முதலில் தேவையில்லாததைச் சுற்றிக் கோடு போட்டுக் கத்தரிப்பான். பிறகு லேயருக்குக் கீழே கறுப்பு நிறம் போட்டு, மிச்சம் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பான். கடைசியாக மூக்கின் மேலாக ஒரு கோடு இழுத்து இரண்டு பக்கத்தையும் அளப்பான். கோயில் பனருக்கும் அதே ஒழுங்கு, பிறந்தநாள் பனருக்கும் அதே ஒழுங்கு.

அன்று, பின்னால் தெரிந்த கடலைக் கத்தரித்து வெள்ளையாக்கிய பிறகு, அந்த ஒழுங்கு பிசகியது. தம்பியின் கழுத்தைச் சுற்றிக் கோடு போட அவனுக்கு மனம் வரவில்லை. மெல்லிய அழிப்பானை எடுத்துத் தடவித் தடவி, புகை கலைவதுபோல் அழித்தான். வெள்ளைப் பின்னணியில் சுஜிதன் இல்லாமல் போனான். அதற்கு மேல் அந்தப் படத்தைப் பார்க்கப் பிடிக்காமல், பட்டனை அழுத்தி, பட்டணத்து அச்சகத்துக்கு அனுப்பிவிட்டு எழுந்தான்.

அந்தியேட்டி நாள் விடிய, பனரை இறங்குதுறைக்குத் திரும்பும் வளைவில் கட்டினார்கள். கட்டி முடிந்த பிறகுதான் பிழை தெரிந்தது. கஜமுகன் நடுவில் இல்லை. ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றான். அவனுடைய இடப்பக்கத்தில் வெறும் வெள்ளை. இன்னுமொரு ஆள் நிற்கப் போதுமான வெள்ளை. பக்கத்திலே ஆருக்கோ இடம் பிடித்து வைத்திருக்கிறான் என்று ஒரு படகுக்காரர் பகிடி விட்டார். அந்தப் பகிடி பந்தி வைக்கும் முன்னரே அந்தியேட்டி வீட்டுக்கு வந்துசேர்ந்தது.

தொப்பியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு சுஜிதன் இறங்குதுறைக்குப் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில், கடைவாசலில் ஓர் ஓட்டோ வந்து நின்றது. குலசிங்கமும் அவருடைய ஆள் டிலோனும் இறங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் கஜமுகனின் தாய் விமலாம்பிகை இறங்கினாள்.

யாரும் எதுவும் கேட்கவில்லை. டிலோன் பொல்லுத்தடியால் நிமலனின் காதைச் சேர்த்து அடித்தான். நிமலன் கதிரையோடு சரிந்தான். விழுந்தவனை வயிற்றில் உதைத்து, தலைமயிரில் பிடித்துத் தூக்கி, முகத்தைச் சுவரில் இரண்டு தரம் மோதினான். சுவரில் ஒட்டியிருந்த கலியாண அட்டைகளின் மேல் இரத்தம் வழிந்தது. பிறகு அவனுடைய இடது கையை மேசையில் விரித்துப் பிடித்தான். வலது கையையும் பிடிக்கப் போனபோது குலசிங்கம் தடுத்தார்.

"அதை விடு. வேலைக்கு வேணும்."

பொல்லு இடது கைவிரல்களின் மேல் இறங்கியது. நிமலன் கத்திய சத்தம் சந்தி வரைக்கும் போயிருக்கும். எதிர்க்கடைக்காரர் கதவுத்தகட்டை இழுத்து மூடினார்.

விமலாம்பிகை பக்கத்துக் கதிரையில் அமர்ந்தாள். அழுது முடித்த முகம். "ஏன் தம்பி அவனுக்கு இடம் விட்டனீர்?" என்று கேட்டாள்.

"நான் விடேல்லை அக்கா. கொம்பியூட்டர் விட்டது."

"கொம்பியூட்டருக்குச் சுஜிதன் என்ன முறை, மச்சானோ?" என்றான் டிலோன்.

நிமலன் ஒற்றைக் கையால் கணினியைப் போட்டுப் படத்தைத் திறந்தான். கீழே கறுப்பு நிறத்தைப் போட்டான். கஜமுகனின் இடப்பக்கத்தில், விளக்கில்லாத அறையில் ஆள் நிற்பதுபோல், சுஜிதன் தெரிந்தான். காதின் விளிம்பு, சேட்டின் ஓரம், முழங்கை. குலசிங்கம் ஓர் எட்டுப் பின்வாங்கினார்.

வாயில் ஊறிய இரத்தத்தைத் துப்பிவிட்டு நிமலன் விளக்கினான். அழிப்பான் முழுதாக அழிக்கவில்லை. வெள்ளையில் கண்ணுக்குத் தெரியாத தூசிபோல மிச்சம் இருந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இயந்திரம் அதையும் படமென்றே எடுக்கும்.

"ரெண்டு பேரையும் ஒரே ஆளா எடுத்துத்தான் அது நடுவைப் பார்த்திருக்கு அக்கா."

"அப்ப நடு எங்க வந்தது?"

"ரெண்டு பேருக்கும் இடையில."

விமலாம்பிகை கதிரையைத் திரைக்கு அருகில் இழுத்துக்கொண்டாள். பிறகு, "அவனை அழியும். ஒரு பொட்டும் இருக்கக்கூடாது," என்றாள். குலசிங்கம் குனிந்து, உன்னுடைய தம்பி எங்கே என்று காதருகில் கேட்டார். பட்டணத்தில் என்றான் நிமலன். டிலோன் முறிந்த விரல்களை ஒருதரம் நெரித்தான். அப்போதும் பட்டணத்தில் என்றே சொன்னான். முதலில் படம், பிறகு அந்தக் கதை என்றார் குலசிங்கம்.

மிச்சத்தைச் சுற்றிக் கோடு போட்டு ஒரே தட்டில் அழித்திருக்கலாம். நிமலன் அப்படிச் செய்யவில்லை. படத்தைப் பெருப்பித்து, ஒவ்வொரு புள்ளியும் நிலத்தில் பதிக்கும் மாபிள்போல் ஆகும் வரை பெருப்பித்து, ஒவ்வொன்றாக அழித்தான். படகு போன பிறகுதான் குறிகட்டுவான் பஸ் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும். திரும்புகிற பஸ் இந்தக் கடையைத் தாண்டித்தான் போகவேண்டும். பஸ் தாண்டினால் தம்பி கடலில். அதுவரைக்கும் இவர்களை இந்தக் கதிரையைச் சுற்றி வைத்திருக்கவேண்டும். மூக்கிலிருந்து இரத்தம் விசைப்பலகையில் சொட்டியது. டிலோன் கெதியாகச் செய்யச் சொல்லிப் பிடரியில் அடித்தான். ஒவ்வோர் அடிக்கும் மவுஸ் பிசகியது. பிசகினால் திரும்பவும் செய்யவேண்டும் என்று நிமலன் சொன்னான். அதன் பிறகு அடி குறைந்தது.

முழங்கை போனது. சேட்டு போனது. காது மட்டும் மிச்சமிருந்தபோது பஸ்ஸின் இரைச்சல் கேட்டது. நிமலன் காதை ஒரேயடியாக அழித்து, பட்டனை அழுத்தினான். கஜமுகன் சட்டென்று நகர்ந்து நடுவில் நின்றான். நிமலன் மூக்கின் மேலாகக் கோடு இழுத்து, இரண்டு பக்கத்தையும் அளந்து காட்டினான்.

"ஓம். இப்ப சரி," என்று விமலாம்பிகை எழுந்தாள். "அண்ணை, காணும், போவம். வீட்டில சனம் நிக்குது."

பஸ் தாண்டிப் போகவில்லை. கடைக்கு முன்னால் நின்றது. சுஜிதன் இறங்கினான். தொப்பியும் இல்லை, முகக்கவசமும் இல்லை.

வளைவில் பனரை அறுத்து இறக்கியவர்களின் கதையை அவன் படகுக்கு நின்ற வரிசையில் கேட்டிருக்கிறான். கடைக்குப் போயிருக்கிறார்கள், இண்டைக்கு நிமலனுக்கு இருக்கு என்ற கதை. வரிசையை விட்டு வந்து பஸ்ஸில் ஏறிவிட்டான்.

"போடா," என்று நிமலன் கத்தினான். அவன் போகவில்லை.

விமலாம்பிகை வாசலுக்குப் போனாள். "அவனை வெட்டேக்க நீ எங்க நிண்டனி?"

"அவனுக்குப் பக்கத்தில அன்ரி. அவன் என்ர கையைப் பிடிச்சவன். நான் இழுத்தெடுத்துக்கொண்டு ஓடீட்டன்." சுஜிதன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். "காட்டிக்குடுக்கேல்லை. ஓடினனான்."

அவள் வழிவிட்டு ஒதுங்கினாள். யாருக்கு வழிவிட்டாள் என்பது அவளுக்கே தெரிந்திருக்குமோ தெரியாது. குலசிங்கம் ஓட்டோவின் சீற்றுக்குக் கீழிருந்து வாளை எடுத்தார். முதல் வெட்டு சுஜிதனின் தோளில் இறங்கியது. அவன் முழங்காலில் விழுந்தான். இந்தமுறை ஓடவில்லை, கையைக்கூடத் தூக்கவில்லை. குலசிங்கம் கழுத்துக்குக் குறிபார்த்து வாளை இரண்டாம் தரம் ஓங்கினார்.

பனர் வெட்டும் கத்தி மேசையில் கிடந்தது. வேலைக்கென்று முறிக்காமல் விட்ட வலது கையால் நிமலன் அதை எடுத்தான். டிலோனின் பொல்லு முதுகில் விழுந்ததை அவன் உணரவில்லை. குலசிங்கத்தின் பின்னால் போய், தாடைக்குக் கீழே கத்தியை வைத்து, பனர் சீலையை வெட்டும் அதே அழுத்தத்தில் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு இழுத்தான். இரத்தம் கடைக் கண்ணாடியில் அடித்தது. வாள் நிலத்தில் விழுந்தது. குலசிங்கம் இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு, தங்கையைப் பார்த்தபடி, வாசற்படியில் அமர்ந்து, பிறகு சரிந்தார். டிலோன் பொல்லைப் போட்டுவிட்டு ஓடினான். பஸ்ஸிலிருந்த சனம் யன்னல்களை மூடியது. விமலாம்பிகை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றாள்.

சுஜிதன் பிழைத்தான். வெட்டுப்பட்ட கை தோளுக்கு மேலே எழும்பாது.

அதன் பிறகு நிமலனை ஊர்காவற்றுறைக்கு வழக்குக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்த ஒரு நாளில், சிறைச்சாலைப் பஸ் நாரந்தனையால் வந்தது. அங்கிருந்த குலசிங்கத்தின் வீட்டு மதிலில் அவருடைய அந்தியேட்டிப் பனர் கட்டியிருந்தது. வேறு யாரோ செய்தது. யன்னல் கம்பிக்குள்ளால் நிமலன் அதைப் பார்த்தான். வளைந்துபோன இடது கைவிரல்களை முகத்துக்கு முன்னால் பிடித்து, வழக்கம்போல, படத்திலுள்ள மூக்கிலிருந்து இரண்டு பக்கத்தையும் அளந்தான். படம் சரியாக நடுவில் இருந்தது. பக்கத்தில் ஒருவருக்கும் இடமில்லை.